ஒன்பது குமிழ் அகலம்: ஈரோட்டில் கட்டிய ஸ்லீப்பர் பெட்டி, ஒரு நிகழ்வு ஆய்வு

"ஏங்கண்ணு, பொட்டிக்கு வவுறு தொங்குதே."

"எங்கீங்கப்புச்சி?"

"நடுவுல பாரு. நூலு புடிச்சுப் பாத்தாத் தெரியும்."

2024 கோடை விடுமுறை. ஈரோடு கொல்லம்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடம். அக்கா மகன், வயது 13, லெகோ என்ற பிளாஸ்டிக் விளையாட்டுக் கட்டைகளில் மூன்று வாரமாகக் கட்டிய ரயில் பெட்டி மேசைமேல் நின்றது. அப்பா ரயில்வேயில் பெட்டிகளைப் பராமரிக்கும் கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து ஒரு வெள்ளை நூலை எடுத்து, பெட்டியின் அடிவிளிம்பை ஒட்டி இந்தக் கோடியில் அவர் பிடித்தார், அந்தக் கோடியில் மாப்பிள்ளை பிடித்தான். இரண்டு முனையிலும் விளிம்பு நூலைவிட்டு மேலே நின்றது, நடுவில் நூலைத் தொட்டது. முனையில் இருந்த இடைவெளிக்குள் லெகோ தகடு ஒன்றைச் செருகினேன். சரியாக நுழைந்தது. ஒரு தகட்டின் கனம் 3.2 மி.மீ. நாங்கள் கட்டிய அளவு விகிதம் 45-க்கு 1. நிஜப் பெட்டியில் அது 14 செ.மீ. தொங்கல்.

"பதினாலு சென்டி தொங்கற பொட்டிய எந்த டிஎக்ஸ்ஆரும் வண்டீல விடமாட்டாரு" என்றார் அப்பா. டிஎக்ஸ்ஆர் என்றால் பெட்டிகளைச் சோதித்து வண்டியை அனுப்பும் ரயில்வே பரிசோதகர்.

அந்தத் தொங்கலை எடுக்க ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்திய ரயில் பெட்டியை லெகோவில் பெரிதாகக் கட்ட நினைப்பவர்கள் நாங்கள் விழுந்த அதே குழியில்தான் விழுவார்கள் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த 45 எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட வேண்டும்.

கடையில் கிடைக்கும் லெகோ ரயில் பெட்டிகள் பெரும்பாலும் 6 குமிழ் அகலம். கட்டையின் தலையில் இருக்கும் வட்டமான புடைப்பைத்தான் குமிழ் என்கிறேன். ஒரு குமிழிலிருந்து அடுத்த குமிழுக்கு 8 மி.மீ. ஒரு கட்டையின் உயரம் 9.6 மி.மீ., மூன்று தகடுகளை அடுக்கினால் ஒரு கட்டை. 1958-ல் டென்மார்க்கின் பில்லுண்டில் காப்புரிமை கேட்ட நாளிலிருந்து இந்தக் கட்டைகள் ஒன்றோடொன்று பொருந்தியே வருகின்றன. 6 குமிழ் பெட்டி கைக்கு அழகாக இருக்கும், சின்ன வளைவிலும் ஓடும். ஆனால் அது எந்த ரயிலின் அளவும் கிடையாது.

மாப்பிள்ளைக்கு வேண்டியது அவன் ஏறிப்போன பெட்டி. சேரன் எக்ஸ்பிரஸ், ஏற்காடு எக்ஸ்பிரஸ், மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் என்று, ராத்திரி ஏறிப் படுத்தால் விடியலில் சென்னை என்றாகிவிட்ட கொங்கு நாட்டுக் குடும்பங்களுக்கு ஸ்லீப்பர் பெட்டி இன்னொரு திண்ணை மாதிரி. அந்த நீலப் பெட்டி, சென்னை பெரம்பூர் ரயில் பெட்டி ஆலையின் ஐ.சி.எஃப். பெட்டி. இப்போது வழித்தடங்களில் எல்.எச்.பி. என்ற புது வகைப் பெட்டி வந்துவிட்டது. ஐ.சி.எஃப். வகைப் பெட்டி கட்டுவதைப் பெரம்பூரே 2018-ல் நிறுத்திக்கொண்டது.

அளவு விகிதத்தை ஆசைப்படி வைக்க முடியாது, தண்டவாளம்தான் அதைச் சொல்லும். லெகோ தண்டவாளத்தின் உள் இடைவெளி 37.5 மி.மீ. நம் அகலப்பாதை 1,676 மி.மீ. வகுத்தால் 44.7. ஐரோப்பாவில் மாதிரி ரயில் கட்டுபவர்கள் 'ஓ' அளவு என்று வைத்திருக்கும் 1:45-க்கு இது ஒட்டி வருகிறது. நாங்கள் 45 என்றே வைத்துக்கொண்டோம்.

பிறகுதான் எனக்கு மயிர்க்கூச்செறிந்த கணக்கு வந்தது. ஐ.சி.எஃப். பெட்டியின் நீளம் அப்பாவுக்கு நாக்கு நுனியில் இருக்கும்: "இருவத்தோராயிரத்து முந்நூத்தி முப்பத்தேழு." 21,337 மி.மீ. அதை 45-ஆல் வகுத்து, 8-ஆல் வகுத்தால் 59 குமிழ். அகலம் 3,245 மி.மீ., அது 9 குமிழ். ஒரு போகியின் நடுவிலிருந்து மறு போகியின் நடுவுக்கு 14,783 மி.மீ., அது 41 குமிழ். போகிக்குள் அச்சுக்கு அச்சு 2,896 மி.மீ., அது 8 குமிழ். நான்கு அளவும் அரைக் குமிழ்கூட மிச்சமில்லாமல் வந்து உட்கார்ந்தன. பெரம்பூரில் வரைந்த ஒரு பெட்டி பில்லுண்டின் 8 மி.மீ. கட்டத்துக்குள் இப்படிப் பொருந்துவது தற்செயல்தான். தற்செயல் என்று தெரிந்தும் அந்தத் தாளை இன்னும் மடித்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிடுகிறேன். நாம் பேச்சில் பெட்டியையே போகி என்கிறோம். ரயில்வேக்காரர்களுக்குப் போகி என்றால் பெட்டியின் அடியில் நான்கு சக்கரத்தோடு திரும்பும் அந்தச் சட்டம் மட்டும்தான். இந்தக் கட்டுரையில் அப்பாவின் பொருளிலேயே எழுதுகிறேன்.

9 என்று வந்ததில் மாப்பிள்ளைக்குச் சங்கடம். லெகோவில் இரட்டைப்படை அகலம்தான் சௌகரியம். தண்டவாளத்தின் நடுக்கோடு இரண்டு குமிழ்களுக்கு இடையில் ஓடுகிறது. 9 குமிழ் பெட்டியின் நடுக்கோடு ஒரு குமிழின் உச்சியில் விழுகிறது. இரண்டுக்கும் 4 மி.மீ. வித்தியாசம். அவன் 8 குமிழ் அகலத்தில் ஒரு துண்டு கட்டிக் காட்டினான். அப்பா தள்ளி நின்று பார்த்தார்.

"இது மீட்டர் கேஜ் பொட்டியாட்டம் இருக்குது கண்ணு. நம்ம பொட்டி இன்னும் கொஞ்சம் தாட்டியா இருக்கோணும்."

அதோடு 8 போயிற்று. உள்ளே பார்த்தாலும் 9 தான் சரி. இரண்டு பக்கச் சுவருக்கும் ஒவ்வொரு குமிழ் போக மிச்சம் 7. குறுக்குப் படுக்கைக்கு 5, நடைபாதைக்கு 1, பக்கவாட்டுப் படுக்கைக்கு 1. படுக்கையின் 5 குமிழ் நிஜத்தில் 1.8 மீட்டர், ஒரு ஆள் நீட்டிப் படுக்கும் நீளம். நீளவாக்கில் ஒன்பது தடுப்பறைகள், ஒவ்வொன்றும் 5 குமிழ், ஆக 45. மீதி 14-ஐ இரண்டு கோடிக்கும் ஏழேழாகப் பிரித்துக் கதவும் கழிப்பறையும் வைத்தோம். தடுப்பறைக்கு எட்டு வீதம் 72 படுக்கை. எண்ணிப் பார்த்துவிட்டு, "அறுவத்தி மூணும் அறுவத்தி நாலும் எங்கீங்க மாமா வரும்?" என்று இருக்கை எண் வரிசையில் இறங்கிவிட்டான் மாப்பிள்ளை. அன்று மத்தியானம் முழுவதும் அதிலேயே போயிற்று.

4 மி.மீ. வித்தியாசத்துக்கு ஜம்பர் என்ற சின்னத் தகடு இருக்கிறது. இரண்டு குமிழ் நீளத் தகட்டில் நடுவில் ஒரே ஒரு குமிழ் இருக்கும், அதன்மேல் வைப்பதெல்லாம் அரைக் குமிழ் தள்ளி உட்காரும். போகி திரும்பும் முளைக்கு மேலே ஜம்பர் வைத்தோம். முதல் தடவை ஒரு போகிக்கு இடப்பக்கம் தள்ளியும் மற்றதற்கு வலப்பக்கம் தள்ளியும் வைத்துவிட்டோம். பெட்டி தண்டவாளத்தில் கோணலாக நின்றது. நேர்ப்பாதையில் தெரியவில்லை. நாங்கள் கட்டியிருந்த நடைமேடையை ஒரு மூலை உரசியபோதுதான் தெரிந்தது.

இனி வயிறு தொங்கிய கதை.

முதல் பெட்டியை நாங்கள் எப்படிக் கட்டினோம்? உள்ளே படுக்கைகளைப் பார்க்க வேண்டும் என்பது மாப்பிள்ளையின் முதல் நிபந்தனை. அதனால் கூரை தனியாகக் கழலும். பக்கச் சுவரும் தடுப்பறைக்கு ஒன்றாக ஒன்பது பலகைகள், ஒவ்வொன்றையும் தனியாகப் பிடுங்கலாம். எல்லாப் பாரமும் தரையில். தரை என்பது நீளத் தகடுகள் இரண்டு அடுக்கு, அதன்கீழ் ஒரு கட்டை உயரத்தில் நீளவாக்கில் இரண்டு வரிசை உத்தரம். மொத்த ஆழம் 16 மி.மீ. இந்த 16 மி.மீ. தரை 328 மி.மீ. இடைவெளியில் இரண்டு போகிகள்மேல் உட்கார்ந்து, ஏறக்குறைய ஒரு கிலோ எடையைச் சுமந்தது. கட்டி முடித்த அன்று நேராகத்தான் இருந்தது. ஒரு வாரத்தில் தொங்கியது. பிளாஸ்டிக் கட்டை வளைந்ததைவிட, கட்டைகளின் இணைப்புகள் அடிப்பக்கத்தில் முடியிழை அளவுக்கு விரிந்ததுதான் காரணம். ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம், மொத்தத்தில் ஒரு தகட்டுக் கனம்.

முதல் மருந்தாக, தரைக்கு அடியில் இன்னொரு கட்டை வரிசை சேர்த்தோம். எடை கூடியது. தொங்கல் பாதிதான் குறைந்தது. போகி திரும்பும்போது சக்கரம் புது வரிசையில் இடித்தது. கழற்றிப் போட்டோம்.

இரண்டாவது மருந்தை அப்பா சொன்னார். பழைய மரப்பெட்டிகளுக்கு அடியில் இழுகம்பி கட்டியிருப்பார்கள், இரண்டு முளைக்குச்சிகள்மேல் வில்லின் நாண்போல. அதைப் பார்த்து நாங்கள் நைலான் நூலில் செய்தோம். முறுக்கினால் நிமிர்ந்தது. மறுநாள் காலையில் நூல் தளர்ந்து பழையபடி ஆனது. அதை விட்டுவிட்டதில் எனக்கு வருத்தமில்லை. ஐ.சி.எஃப். பெட்டிக்கு அடியில் இழுகம்பி கிடையாது என்று அப்பாவே சொன்னார்.

கிடையாது என்று சொன்ன வாயோடுதான் அப்பா நிறுத்தினார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மேசையில் கிடந்த பெட்டியின் சுவர்ப்பலகை ஒன்றைப் பிடுங்கினார். அடுத்ததைப் பிடுங்கினார். ஒன்பதையும் வரிசையாக மேசையில் வைத்தார்.

"செவுத்த இப்பிடித் தனித்தனியா நறுக்கி வெச்சிருக்கறயே கண்ணு. பொட்டிக்குப் பலம் தரையில இல்ல. செவுத்துல இருக்குது."

மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. எனக்கும் அந்த நிமிஷம் பாதிதான் புரிந்தது. அப்பா அவனுடைய அடிஸ்கேலை வாங்கி, இரண்டு புத்தகங்களுக்கு நடுவில் படுக்கவைத்து விரலால் அழுத்தினார். வளைந்தது. அதே ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்தி அழுத்தினார். அசையவில்லை.

ஆழம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். எங்கள் தரையின் ஆழம் 16 மி.மீ., சுவரின் உயரம் ஆறு கட்டை, கிட்டத்தட்ட 58 மி.மீ. நாற்பது மடங்குக்கு மேல் விறைப்புத் தரக்கூடிய ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதை ஒன்பதாக நறுக்கி வெறும் பாரமாகத் தரைமேல் ஏற்றியிருந்தோம். ஜன்னல் ஓட்டைகளும் இணைப்புகளும் அந்த நாற்பதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். மிஞ்சுவதே எங்களுக்குப் போதும்.

பெரம்பூர் ஆலையின் பெயரே இதுதான். இன்டெக்ரல் கோச் ஃபேக்டரி, அதாவது ஒரே உடலாக இணைத்துக் கட்டும் பெட்டியின் ஆலை. 1955 அக்டோபர் 2-ஆம் தேதி நேரு திறந்துவைத்த ஆலை. ஸ்விட்சர்லாந்தின் ஷ்லீரன் ஊர்க் கம்பெனியின் தொழில்நுட்ப உதவியோடு அங்கே கட்டத் தொடங்கிய பெட்டியில் தரை, பக்கச் சுவர், கோடிச் சுவர், கூரை எல்லாம் ஒன்றாகப் பற்றவைத்த ஒரே இரும்புக் கூடு. பாரத்தைக் கூடு முழுவதும் சேர்ந்து சுமக்கும். அதற்கு முந்தைய பெட்டிகளில் அடிச்சட்டம் சுமக்கும், மேல்கூடு சும்மா உட்கார்ந்திருக்கும். நாங்கள் ஐ.சி.எஃப். பெட்டியின் அளவை மி.மீ. சுத்தமாக எடுத்துக்கொண்டு, கட்டும் முறையை அதற்கு முந்தைய காலத்துப் பெட்டியிலிருந்து எடுத்திருக்கிறோம். இந்த ஆய்வில் நான் சொல்ல வந்ததே இதுதான். 'இன்டெக்ரல்' என்பதை அதுவரை ஒரு பெயராகத்தான் படித்திருந்தேன்.

இரண்டாவது பெட்டியை ஆகஸ்டில் தொடங்கினோம். ஜன்னலுக்குக் கீழே இரண்டு கட்டை வரிசை, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை விடாமல். 16 குமிழ் கட்டைகள், அவற்றுக்கு இடையில் 8-ம் 6-ம். செங்கல் சுவரில் கொத்தனார் செய்வதுபோல், கீழ்வரிசை இணைப்பு மேல்வரிசைக் கட்டையின் நடுவில் வர வேண்டும். எந்த இரண்டு இணைப்பும் ஒரே நேர்க்கோட்டில் வரக்கூடாது. அதன் அடியில் நீளத் தகடுகள் மூன்று அடுக்கு, அவற்றின் இணைப்புகளும் படிப்படியாகத் தள்ளி. பெட்டி தொங்க முயலும்போது இழுபடுவது இந்த அடிவிளிம்புதான், அதனால் இங்கே கஞ்சத்தனம் காட்டவில்லை. ஜன்னலுக்கு மேலே மறுபடி இரண்டு வரிசை, கூரையோரமாக முழு நீளம். கீழ்வரிசையையும் மேல்வரிசையையும் ஜன்னல் தூண்கள் கட்டிப்பிடிக்கின்றன.

கூரையில் மட்டும் சமாதானம் செய்துகொண்டோம். முழுக்க மூடினால் படுக்கை தெரியாது. தடுப்பறைச் சுவர் ஒவ்வொன்றின் தலையிலும் 9 குமிழ் அகலத்துக்குக் குறுக்குத் தகடு வைத்து இரண்டு பக்கச் சுவரையும் பிணைத்தோம். அவற்றின்மேல் வளைந்த கூரை ஓடுகள் கழலும். முழுக் கூட்டின் பலம் வராது. பக்கச் சுவர் வெளிப்புறமாகப் பிதுங்காமல் இருக்க இது போதும்.

போகிகள்மேல் வைத்துவிட்டு ஒரு வாரம் காத்திருந்தோம். பள்ளி விட்டு வந்ததும் மாப்பிள்ளை நூலைத்தான் முதலில் எடுப்பான். ஏழாம் நாள் தகட்டை முனையில் செருகப் பார்த்தான். நுழையவில்லை. ஒரு தாள் நுழைந்தது. இரண்டு தாள் நுழையவில்லை.

ஜன்னல் பற்றிக் கொஞ்சம் சொல்ல ஆசை. தடுப்பறைக்கு 5 குமிழ், அதில் இரண்டு ஜன்னல் இரண்டிரண்டு குமிழ், ஒரு குமிழ் தூண். ஐ.சி.எஃப். ஸ்லீப்பர் ஜன்னலின் உயிர் அந்தக் குறுக்குக் கம்பிகள். 45-இல் ஒரு பங்கில் அந்தக் கம்பி தையல் நூல் கனம்தான் வரும். நூல் கட்டலாம் என்றேன். கட்டையைத் தவிர வேறெதுவும் கூடாது என்று மாப்பிள்ளை ஒரே பிடி. கம்பி இல்லாமலே விட்டோம். ஆனால் கோடுகோடாகப் பள்ளம் வெட்டிய இரண்டு குமிழ் ஓடு ஒன்று இருக்கிறது. வண்டி முகப்புக்குப் போடுவார்கள். அதைப் பக்கவாட்டுக் குமிழ் உள்ள கட்டைமேல் ஒட்டி, ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வைத்தால், இறக்கிவிட்ட இரும்பு ஷட்டரேதான். பதினெட்டு ஜன்னலில் ஆறுக்கு ஷட்டர் இறக்கினோம். மீதி திறந்திருக்கிறது. மழைச்சாரல் பிடித்த நேரத்தில் சில பேர் மட்டும் ஷட்டரை இறக்கிய பெட்டி. அந்த நான்கு சின்னக் கோடுகளைப் பார்க்கும்போது, ஷட்டரின் அடிக் கொக்கியில் கைவிரல் நசுங்கும் அந்த வலியே ஞாபகம் வருகிறது.

நிறத்தில் அப்பாவுக்கும் பேரனுக்கும் ஒத்துப்போகவில்லை. அப்பா வேலைக்குச் சேர்ந்த காலத்துப் பெட்டி செங்காவி. பேரன் பிறந்ததிலிருந்து பார்த்தது நீலம். கட்டுகிறவன் பேச்சு நின்றது: கரும் நீலம், ஜன்னல் பட்டைக்கு வெளிர் நீலம்.

வளைவுதான் அடுத்த தடை. லெகோவின் வழக்கமான வளைவின் ஆரம் 40 குமிழ், அதாவது 320 மி.மீ. அதில் எங்கள் பெட்டியை வைத்தால் நடுப்பகுதி பாதையின் நடுக்கோட்டைவிட்டு 45 மி.மீ. உள்ளே போய்விடும். பெட்டியின் பாதி அகலமே 36 மி.மீ. தான். கோடிகள் 43 மி.மீ. வெளியே நீட்டும். ஓடும், ஆனால் பார்க்கச் சகிக்காது, பக்கத்தில் கம்பம்கூட வைக்க முடியாது. நம் அகலப்பாதையில் அனுமதிக்கும் மிகக் கூரான வளைவு 175 மீட்டர் ஆரம். அதை 45-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 3.9 மீட்டர், கூடம் முழுவதையும் இடித்தாலும் போதாது. 104 குமிழ் ஆர வளைவுகளில் நின்றோம். அதில் நடுப்பகுதி 16 மி.மீ. உள்ளே, கோடிகள் 17 மி.மீ. வெளியே. கோவையில் ஒரு 3டி பிரிண்ட் கடையில் அச்சிட்டு வாங்கினோம். பெட்டிகளை இணைக்கும் காந்தக் கொக்கியைப் பெட்டியின் உடலில் வைக்காமல் போகியிலிருந்து நீட்டிய கையில் வைத்தோம். நிஜத்தில் கொக்கி உடலில்தான் இருக்கும். இங்கே மட்டும் நிஜத்தை விட்டோம், இல்லாவிட்டால் வளைவில் காந்தம் பிரிந்துவிடுகிறது.

மூன்று ஸ்லீப்பரும் ஒரு கார்டு பெட்டியும் ஆனபோது மொத்தம் நான்கு கிலோ. எஞ்சின் இன்னும் கட்டவில்லை. ஈரோடு ஷெட்டின் டபிள்யூஏபி-4 வேண்டும் என்பது மாப்பிள்ளையின் முடிவு. அதுவரைக்கும் இரண்டு மோட்டார்களைக் கார்டு பெட்டிக்குள் ஒளித்து வைத்திருக்கிறோம். ஒரு மோட்டார் போட்டபோது சக்கரம் வழுக்கிச் சுற்றியதே தவிர வண்டி நகரவில்லை.

2025 பொங்கலுக்கு வீடு நிறைய ஒறம்பரை. கூடத்துச் சாமான்களை எல்லாம் அக்கட்டால தள்ளி வட்டப் பாதை போட்டோம். வண்டி கிளம்பியது. குழந்தைகள் பின்னாலேயே ஓடினார்கள். அப்பா நாற்காலியில் உட்காரவில்லை. தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, கன்னம் தரையில் படும் அளவுக்குக் குனிந்து, ஒவ்வொரு பெட்டியும் எதிரே வரும்போது அதன் அடிவிளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிளாட்பாரத்தில் வண்டி நுழையும்போது கேரேஜ்காரர்கள் குனிந்து பார்க்கும் அதே பார்வை. நான்கு சுற்று பார்த்தார்.

"செரி, போலாம்" என்றார்.

சாயங்காலம் ஒறம்பரை போனபிறகு, வெள்ளைத்தாளில் கத்தரித்த மூன்று சின்னச் சீட்டுகளோடு வந்தார். நிஜப் பெட்டியின் கோடிச் சுவரில் பி.ஓ.ஹெச். என்ற முழுப் பராமரிப்பை முடித்த தேதியும், மறுபடி பணிமனைக்குத் திரும்ப வேண்டிய தேதியும் எழுதியிருக்கும். முழுப் பராமரிப்புக்கு 18 மாதம் கெடு. தன் நடுங்கும் கையால் பொடி எழுத்தில் எழுதியிருந்தார்: பி.ஓ.ஹெச். 01/25, திரும்பும் தேதி 07/26. கட்டையைத் தவிர வேறெதுவும் கூடாது என்று சொன்ன மாப்பிள்ளை, அந்தச் சீட்டை வாங்கி, பசை தடவி, கழிப்பறைப் பக்கக் கோடியில் தானே ஒட்டினான்.